குங்குமச்சிமிழும் பாசிமணி மாலையும்: ‘பதேர் பாஞ்சாலி’ நாவலிலிருந்து திரைக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கிய அச்சு வடிவம்)



புகழ்பெற்ற கதைகளும் அவற்றின் திரைவடிவங்களும் என்ற பரந்த பொருளில் பேச எனக்கு இடம் தந்திருக்கிறீர்கள். பரப்பைச் சுருக்கிக்கொண்டு ஒரு நாவலையும் அதன் படத்தையும் நெருங்கிப் பார்ப்பதே பயன்படும் என்று கருதுகிறேன். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929-இல் நூலாக வந்தது. சத்யஜித் ராய் இயக்கிய படம் 1955-இல் வெளியானது. இரண்டும் தத்தம் துறையில் செவ்வியல் படைப்புகளாக நிலைத்துவிட்டன. ஒன்றின் புகழில் மற்றொன்று குளிர்காய்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பேச இதைவிட நேர்மையான இணை அகப்படுவது அரிது.

நம்மிடையே ஒரு நாவல் படமாகும்போதெல்லாம் விவாதம் ஒரே தடத்தில் ஓடுகிறது. ‘மோகமுள்’ 1995-இல் வந்தபோதும், ‘பொன்னியின் செல்வன்’ 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாக வந்தபோதும், வாசகர்கள் மனத்தில் ஒரு பட்டியலோடுதான் அரங்குக்குப் போனார்கள். எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்த நிகழ்ச்சி மாறியது, எது புதிதாக நுழைந்தது என்பதே அந்தப் பட்டியல். ஒரு நாவலோடு பல ஆண்டுகள் வாழ்ந்த வாசகர் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் மாற்றங்களை எண்ணி முடித்த பிறகும், அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இன்று அந்தக் கேள்விக்குத்தான் விடை தேட விரும்புகிறேன்.

நான் முன்வைக்கும் கருத்து இது. நாவலில் ஒரு பொருள் குறியீடாக உயர்வதற்குக் கதைசொல்லியின் குரல் துணை நிற்கிறது. படத்தில் அந்தக் குரல் இல்லை. அங்கே ஒரு பொருளைக் குறியீடாக்குவது பாத்திரங்கள்தாம்: அதை யார் கையில் எடுக்கிறார், யாரிடமிருந்து மறைக்கிறார், எப்போது இழக்கிறார் என்பதிலிருந்தே அதன் அர்த்தம் பிறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே குரலை இழந்த படம், நாவலின் குறியீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், பாத்திரங்களின் வாழ்வில் கைவைத்தே தீர வேண்டும். ஒருத்தியின் சாவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஒருத்தி கடைசிவரை போய்ச் சேராத இடத்துக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். நல்ல தழுவலில் பாத்திரத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பிழைத்திருக்கும், நிகழ்ச்சிகள் மாறியிருந்தாலும்.

1

நாவலை வாசிப்பவர் முதலில் உணர்வது நிச்சிந்திபூர் கிராமத்தைச் சுற்றிக்காட்டும் ஒரு குரலை. அந்தக் குரலுக்கு ஊரின் பழங்கதை தெரியும், வேலியோரச் செடிகொடிகளின் பெயர் தெரியும், சிறுவன் அபு பிற்காலத்தில் என்ன ஆவான் என்பதும் தெரியும். முக்கியமான மூன்று இடங்களில் அது நிகழ்ச்சியை விட்டு மேலெழுந்து நம்மோடு நேராகப் பேசுகிறது. முதல் பகுதியின் முடிவில் குடும்பத்தை அண்டி வாழும் இந்திர் கிழவி இறந்ததும், அவளோடு அந்த ஊரின் பழைய காலமே முடிந்தது என்று அறிவிக்கிறது. அபுவின் அக்கா துர்கா இறக்கும் இடத்தில், வானத்துக்கு அப்பாலிருந்து எப்போதாவது வரும் அழைப்பைப் பற்றியும், அதைக் கேட்டுப் போய்விடும் குழந்தைகளைப் பற்றியும் சொல்கிறது. நாவலின் கடைசியில் பாதைக்கே ஒரு தெய்வத்தைக் கற்பித்து, அந்தத் தெய்வம் அபுவோடு பேசுவதாக முடிக்கிறது. இந்தப் பேச்சு நாவலின் குறையன்று. கிராமத்தின் ஏழைக் குடும்பம் ஒன்றின் கதையைக் காலம், மரணம், பயணம் என்ற பெரிய வெளிக்குள் கொண்டுபோய் வைப்பதே இந்தக் குரல்தான். இதை நீக்கினால் நாவலின் முதுகெலும்பு போய்விடும்.

ராய்க்கு இந்த நாவலோடு ஏற்பட்ட முதல் தொழில் உறவு ஓவியராக. 1940களில் சிக்னெட் பதிப்பகம் கொண்டுவந்த சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு அவர் படங்கள் வரைந்தார். நூலுக்குப் படம் வரைபவர், எந்தக் கணம், எந்தப் பொருள், யார் கை எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்தாக வேண்டும். கதைசொல்லியின் விளக்கம் அவர் தூரிகைக்குள் வராது. பிற்பாடு படமெடுக்கப் புறப்பட்டபோதும் முழுமையான திரைக்கதைப் பிரதி அவரிடம் இல்லை. வரைந்து வைத்த காட்சிகளும் குறிப்புகளுமே இருந்தன.

அபுவின் தந்தை ஹரிஹர் வீடு திரும்பும் காட்சியை எடுத்துக்கொள்வோம். பிழைப்புத் தேடிப் போன தந்தைக்கு மகள் இறந்தது தெரியாது. அவளுக்கென்று புடவை வாங்கி வந்திருக்கிறார். நாவலில் தாய் சர்வஜயா வாய்விட்டுச் சொல்லி அழுகிறாள். படத்தில் கணவர் மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். அவள் பேசாமல் வாங்கிக்கொள்கிறாள். கடைசியில் புடவை கைக்கு வருகிறது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு சாய்கிறாள். அவளுடைய அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தட்சிணாமோகன் டாகூர் வாசித்த தார்ஷெனாய் என்ற இசைக்கருவியின் ஒலிதான் எழுகிறது. புடவை நாவலிலும் உண்டு. ஆனால் அங்கே அது செய்தியை வரவழைக்கும் ஏது. படத்தில் அந்தப் புடவையே செய்தி. உடுத்த வேண்டியவள் இல்லை என்பதை ஹரிஹர் அறிவது, அது மனைவியின் வாயில் இருப்பதைப் பார்த்துத்தான்.

2

இந்தக் கதையில் குறியீடு என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது ரயில். நாவலுக்கும் படத்துக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடும் அதில்தான் இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நாவலில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ரயிலைப் பார்ப்பதே இல்லை. காணாமற்போன கன்றைத் தேடப் போகிறவர்கள், அப்படியே ரயில் பாதையைப் பார்த்துவிடலாம் என்று வயல்வெளியில் நடக்கிறார்கள். வழி தவறுகிறது, போய்ச் சேராமலே திரும்புகிறார்கள். பின்னொரு நாள் அபு தந்தையோடு போகும்போது தண்டவாளத்தைப் பார்க்கிறான். வண்டி வர நேரமாகும் என்பதால் தந்தை காத்திருக்கவில்லை. நோயில் கிடக்கும் துர்கா தம்பியிடம் கேட்பது, ஒருநாள் ரயிலைக் காட்டுவாயா என்றுதான். அவள் பார்க்காமலே இறக்கிறாள். குடும்பம் ஊரை விட்டுப் போகும் நாளில் அபு முதன்முதலாக ரயிலேறுகிறான். ஊர் பின்னால் விலகும்போது அவன் மனம் அக்காவிடம் பேசுகிறது: உன்னை நான் விரும்பி விட்டுவிட்டுப் போகவில்லை, இவர்கள் என்னைக் கொண்டுபோகிறார்கள் என்ற கருத்தில். அக்காவின் ஆசையாக இருந்த ரயில், தம்பியை அவளிடமிருந்து பிரிக்கும் வாகனமாகிவிடுகிறது. நவீன இந்திய நாவல்களில் ஒரு பொருளை இத்தனை பொறுமையாக வளர்த்து இவ்வளவு கொடுமையாகப் பயன்படுத்திய இடங்கள் மிகச் சில.

படத்தில் இருவரும் ரயில் பாதைக்கே போகிறார்கள். வெள்ளை நாணல் பூத்த வெளி. தந்திக்கம்பத்தில் காது வைத்து அதன் முரலைக் கேட்கிறார்கள். கரும்பைக் கடிக்கிறார்கள். தொலைவில் ஒலி எழுகிறது, ஓடுகிறார்கள். இங்கேதான் நாவலின் அன்பர்கள் வருந்துகிறார்கள். துர்கா ரயிலைப் பார்க்கவே இல்லை என்பது நாவலின் ஆழமான காயம். அந்தக் காயத்தை ராய் ஆற்றிவிட்டாரே, அழகான காட்சிக்காகத் துயரத்தை விற்றுவிட்டாரே என்பது அவர்களுடைய வாதம். வலுவான வாதம்தான்.

காட்சியை மீண்டும் பாருங்கள். ஓடுகிறவர்களில் துர்கா தடுக்கி விழுகிறாள். அபு ஓடிக்கொண்டே மேட்டை அடைகிறான். வண்டி கடக்கும்போது படக்கருவி தண்டவாளத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. உருளும் சக்கரங்களின் இடைவெளியில் தெரிவது தம்பி. கரும்புகை வெள்ளைப் பூக்களின்மேல் படிகிறது. ரயில் அவனுக்குக் கிடைத்தது போல அவளுக்குக் கிடைக்கவில்லை. பிறகு காய்ச்சலில் கிடக்கும்போது அவள் சொல்வதும் இதையே உறுதிசெய்கிறது: உடம்பு தேறியதும் மறுபடி போவோம், இந்தமுறை முன்னாலேயே போய் நன்றாகப் பார்ப்போம் என்று ஆசைப்படுகிறாள். நன்றாகப் பார்த்தவள் அப்படிக் கேட்க மாட்டாள்.

ராய் ஏன் இப்படிச் செய்தார்? ஒருத்தி எதையோ பார்க்கவில்லை என்பதைக் கதைசொல்லி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். படத்தில் இல்லாமையைக் காட்ட வழியில்லை. திரையில் வராத ரயில் பார்வையாளருக்கு இழப்பாகவே தோன்றாது. ரயிலை வரவழைத்து, அதன் முன்னால் இருவரையும் ஓடவிட்டு, ஒருத்தியைத் தடுக்கி விழச் செய்தால்தான் பங்கீடு தெரியும். தம்பிக்குக் கிடைப்பதும் அக்காவுக்குக் கிடைக்காததும் ஒரே காட்சிக்குள் வந்துவிடுகின்றன. நாவலில் இருப்பது முழுமையான மறுப்பு, படத்தில் இருப்பது அரைகுறையான கொடை. அளவு மாறியது உண்மை. ஆனால் ரயில் யாருடையது, யாருக்கு எட்டாதது என்ற உறவு மாறவில்லை.

இந்த ரயிலை ராய் அபுவின் கதையைத் தொடரும் அடுத்த இரு படங்களுக்கும் எடுத்துப்போனார். 1956-இல் வந்த ‘அபராஜிதோ’வில், கல்கத்தாவில் படிக்கும் மகன் வருவானா என்று தொலைவில் போகும் வண்டியைப் பார்த்திருக்கிறாள் சர்வஜயா. 1959-இல் வந்த ‘அபூர் சன்சார்’ படத்தில், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்கு மணமகளாக வந்த அபர்ணா, வண்டியின் கூவலுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள். நாணல் வெளியில் அபு ஓடிப்போய்ப் பார்த்த அதே வண்டி, அவனை நேசிக்கும் பெண்களுக்கு ஒவ்வொரு படத்திலும் காத்திருப்பாகவோ அச்சமாகவோ திரும்பி வருகிறது.

3

ரயிலோடு பிணைந்த இன்னொரு மாற்றம் இந்திர் கிழவியின் சாவு. நாவலில் அவள் முதல் பகுதியிலேயே, அபு கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோகிறாள். அவள் வாழ்க்கைக்கான உரையைக் கதைசொல்லி எழுதி முடித்துவிடுகிறார். படத்தில் அவள் நெடுநேரம் உயிரோடு இருக்கிறாள். குழந்தைகள் ரயிலைப் பார்த்துத் திரும்பும் அதே நாளில், மூங்கில் தோப்பில் குந்தி உட்கார்ந்த நிலையில் இறந்து கிடக்கிறாள். விளையாட்டாக அசைத்துப் பார்க்கிறாள் துர்கா, கிழவி சாய்ந்து விழுகிறாள், அவளுடைய சொம்பு சரிவில் உருண்டு ஓடுகிறது.

ஒரு காலம் முடிந்தது என்ற அறிவிப்பைப் படம் இவ்வாறு இரண்டு காட்சிகளின் நெருக்கமாக மாற்றிக்கொண்டது. புதிய காலத்தின் வண்டியைப் பார்த்த கண்களே சற்று நேரத்தில் பழைய காலத்தின் உடலைப் பார்க்கின்றன. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிறு செயல். சர்வஜயா விரட்டியடித்த கிழவி, போகுமுன் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்துச் சிறு செடிக்கு ஊற்றுகிறாள். தனக்கென்று ஓர் இடம் இல்லாத வீட்டில் அவள் கடைசியாகச் செய்வது அதுதான். சுனிபாலா தேவி அந்தப் பாத்திரத்தில் நடித்தபோது எண்பதை ஒட்டிய வயதினர், முன்பு மேடை நடிகையாக இருந்தவர். படம் வெளியாகுமுன்பே காலமானார். அவருடைய முதுகின் வளைவும் பல்லில்லாச் சிரிப்பும் இல்லாமல் இந்தத் தள்ளிப்போட்ட சாவுக்கு இத்தனை கனம் வந்திருக்குமா என்பதும் எண்ணத்தக்கது. நாவலாசிரியருக்கு இல்லாத, இயக்குநருக்கு மட்டும் வாய்க்கும் செல்வம் அது.

4

இனி இன்றைய உரையின் தலைப்புக்கு வருகிறேன். துர்கா திருடியது என்ன?

நாவலில் ஊரை விட்டுப் போகும் நேரத்தில் அபுவின் கையில் அகப்படுவது தங்கக் குங்குமச்சிமிழ், பணக்கார வீட்டில் காணாமற்போனது. அதை அக்காதான் எடுத்தாள் என்பது அப்போதுதான் தெரிகிறது. யாருக்கும் காட்டாமல் மூங்கில் தோப்பில் வீசிவிடுகிறான். படத்தில் அவன் கண்டெடுப்பது பாசிமணி மாலை. பரணில் இருந்த கொட்டாங்கச்சியை எடுக்கும்போது அது விழுகிறது, சிலந்தி ஒன்று ஓடுகிறது, மாலை வெளிப்படுகிறது. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது. பிறகு மெல்ல மெல்லக் கூடி மூடிக்கொள்கிறது.

குங்குமச்சிமிழ் நம் வீடுகளிலும் அறிந்த பொருளாதலால் விளக்கம் வேண்டாம். மணமான பெண்ணின் உடைமை அது. மணப்பருவத்தை எட்டும் முன்பே இறந்துபோகும் ஒரு பெண் அதைத் திருடி ஒளித்து வைத்திருந்தாள் என்பதில், அவள் வாழாமற்போன வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. குறியீடு என்ற அளவில் நாவலின் சிமிழ், படத்தின் மாலையைவிடச் செறிவானது என்பதை மறுக்க முடியாது. தங்கம் என்பதால் குற்றமும் பெரிது. குற்றம் பெரிது என்பதால் தம்பியின் மறைப்பும் பெரிது.

அப்படியிருக்க ராய் ஏன் மாற்றினார்? அவர் தந்த விளக்கமாக அன்றி, படத்தின் அமைப்பிலிருந்து நான் வருவிக்கும் காரணத்தையே சொல்கிறேன். சிமிழின் அர்த்தம் சிமிழிலேயே இருக்கிறது. யார் கையில் இருந்தாலும் அது திருமணத்தையே குறிக்கும். பாசிமணி மாலைக்கு அப்படித் தனக்கென்று அர்த்தம் கிடையாது. அது ஒரு சிறுமி ஆசைப்படும் மலிவான பொருள். அந்த மலிவான பொருளுக்காக அண்டை வீட்டுக்காரி முற்றத்தில் வந்து கத்தினாள். தாய் மகளின் தலைமயிரைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளினாள். எடுக்கவில்லை என்று துர்கா மறுத்தாள். இவ்வளவையும் நாம் முன்பே பார்த்துவிட்டோம். ஆகவே கொட்டாங்கச்சி விழும்போது அந்த மாலையோடு சேர்ந்து கீழே விழுவது அந்தப் பகல் முழுவதும்தான். அவள் பொய் சொன்னாள், அந்தப் பொய்யைத் தம்பி இப்போது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறான். படம் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்த அபு தானாகத் தீர்மானித்துச் செய்யும் முதல் பெரிய செயல் இது. சிறுவனாக இருந்தவன் அந்த எறிதலில் வளர்ந்துவிடுகிறான்.

சிமிழில் இருந்த திருமண ஏக்கத்தையும் ராய் கைவிடவில்லை. தோழியின் கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பார்த்து நிற்கும் துர்காவின் ஈரம் கட்டிய கண்களுக்கு அதை மாற்றி வைத்தார். நாவல் ஒரே பொருளில் சேர்த்து வைத்த இரண்டு அர்த்தங்களைப் படம் ஒரு முகத்துக்கும் ஒரு மாலைக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எறியும் இடம் மாறியதற்கும் இதே நியாயம். மூங்கில் தோப்பில் வீசியது அங்கேயே கிடக்கும் என்பதைக் கதைசொல்லி சொல்லலாம். குளத்துப் பாசி மூடிக்கொள்வதை நாமே பார்க்கலாம்.

5

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதல் மறுப்பு: இவையெல்லாம் திட்டமிட்டவை அல்ல, வறுமையும் தற்செயலும் செய்தவை. உண்மையில் பணம் அடிக்கடி தீர்ந்து படப்பிடிப்பு நின்றது. முதன்முதலாகப் படமாக்கியதே நாணல் வெளிக் காட்சிதான், 1952 அக்டோபரில். அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனபோது மாடுகள் நாணலை மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த ஆண்டு பூக்கும்வரை காத்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் படக்கருவியைக் கையாண்டவரே அல்லர். ஆனால் இதே செய்தி என் பக்கம்தான் பேசுகிறது. தற்செயல்தான் படத்தை எடுத்தது என்றால் வேறொரு புல்வெளியில் ஓடவிட்டு முடித்திருக்கலாம். கரும்புகை படிய வெள்ளைப் பூ வேண்டும் என்பதற்காக ஓராண்டு காத்திருந்தவருக்கு அந்த வெண்மை எதற்கு என்று தெரிந்திருந்தது.

இரண்டாவது மறுப்பு மாணவர்களிடமிருந்து வருவது: ரயில் வெறும் ரயிலாக இருக்கக்கூடாதா, எல்லாவற்றிலும் குறியீடு தேடுவது வாசிப்பைக் கெடுக்காதா? கெடுக்கும். ரயில் என்றால் நவீனம், பாம்பு என்றால் அழிவு என்று அகராதி போட்டுவிட்டால் படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. படத்தின் இறுதியில் ஆளில்லாத வீட்டுக்குள் பாம்பு நுழைவதை எழுதுகிறவர்களில் பலர் அப்படித்தான் கடந்து போகிறார்கள். நான் சொல்லும் முறை அதற்கு எதிரானது. பொருளுக்கு முன்கூட்டியே அர்த்தம் வைக்காமல், அதோடு ஒவ்வொரு பாத்திரமும் என்ன செய்தது என்று மட்டும் பாருங்கள். சர்வஜயா மெழுகிப் பெருக்கிய திண்ணை அது. அதை இன்று இன்னோர் உயிர் எடுத்துக்கொண்டது.

மூன்றாவது மறுப்பு கடுமையானது. படத்துக்குக் குரல் இல்லை என்று யார் சொன்னது? பின்னணிக் குரலில் கதைசொல்லியையே பேசவைக்கலாமே? வைக்கலாம். என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நாவல் ஒன்றின் கதி உதவும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925-இல் வந்தது. விரிகுடாவுக்கு அப்பால் காதலியின் வீட்டுத் துறையில் எரியும் பச்சை விளக்கு அதில் பெயர்பெற்ற குறியீடு. நாவல் அதைச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறது. காதலி பக்கத்தில் வந்து நிற்கும்போது அந்த விளக்கு மறுபடியும் வெறும் விளக்காகிவிட்டதைக் கதைசொல்லி நிக் கவனிக்கிறான். 2013-இல் பாஸ் லூர்மன் எடுத்த படத்தில் நிக் ஒரு மருத்துவ விடுதியில் அமர்ந்து இந்தக் கதையை எழுதுகிறான். அவன் குரல் தொடர்ந்து வருகிறது, எழுத்துகள் திரையிலேயே மிதக்கின்றன. விளக்கும் மீண்டும் மீண்டும் வருகிறது. எனக்கு அங்கே கிடைப்பது நாவலின் வாக்கியங்களும் அவற்றுக்கான படங்களும். கேட்ஸ்பிக்கும் விளக்குக்கும் இடையே என் கண்ணால் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சவில்லை. வாக்கியத்துக்கு உண்மையாக இருக்கப்போய் விளக்கை இழந்த படம் அது. பின்னணிக் குரல் எல்லாப் படத்தையும் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை. குறியீட்டை விளக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தால் பாத்திரத்தின் கை ஓய்ந்துவிடுகிறது என்றே சொல்கிறேன்.

6

ஒரே படத்தை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்பீர்கள். ராயின் 1964-ஆம் ஆண்டுப் படமான ‘சாருலதா’வைக் கொண்டு சோதிப்போம். மூலம் ரவீந்திரநாத் டாகூர் 1901-இல் எழுதிய ‘நஷ்டநீட்’ என்ற குறுநாவல். பத்திரிகை நடத்துவதில் மூழ்கிய பூபதி, தன் மனைவி சாரு சிறுமிப் பருவம் கடந்து பெண்ணாகிவிட்டதைக் கவனிக்கவே இல்லை என்பதை டாகூரின் கதைசொல்லி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அதைப் படம் எப்படிச் சொல்வது?

ராய் அவள் கையில் கைப்பிடி வைத்த சிறு தொலைநோக்கியைக் கொடுத்தார், நாடக அரங்குகளில் சீமாட்டிகள் கண்ணில் வைத்துக்கொள்வது போன்றது. குறுநாவலில் அது கிடையாது. படத்தின் தொடக்கத்தில் ஏறக்குறையப் பேச்சே இல்லை. கணவருக்காகக் கைக்குட்டையில் எழுத்து ஒன்றைப் பின்னி முடித்தவள், பலகணிக்குப் பலகணி ஓடித் தெருவில் போகிறவர்களை அந்தத் தொலைநோக்கியால் பார்க்கிறாள். பிறகு கணவர் புத்தகம் படித்தபடி அவளைக் கடந்து நடக்கிறார், அவளைக் கவனிக்கவில்லை. அவர் முதுகையும் அதே தொலைநோக்கியால் பார்க்கிறாள். ஒரே வீட்டில் சில அடி தூரத்தில் இருப்பவரைத் தொலைவில் உள்ளவரைப் போல் பார்க்க வேண்டியிருக்கிறது. டாகூரின் தொடக்க விளக்கம் முழுவதும் அந்த ஒரு செயலில் வந்துவிட்டது. பிற்பாடு தோட்டத்தில் ஊஞ்சலில் அமர்ந்திருக்கும்போது, எதிர்வீட்டில் குழந்தையோடு நிற்கும் தாயை அதன் வழியாகப் பார்க்கிறாள், அப்படியே திருப்பி எழுதிக்கொண்டிருக்கும், கணவரின் தம்பி முறையான அமலைப் பார்க்கிறாள். அவள் மனத்தில் என்ன நேர்ந்தது என்று சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

டாகூரை மாற்றிவிட்டார் என்று வங்காளத்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ராய் வங்காளியிலேயே விரிவாகப் பதில் எழுதினார். எதிர்ப்பின் மையம் முடிவைப் பற்றியது. குறுநாவலில் பூபதி மைசூருக்குப் போக முடிவு செய்கிறார். தன்னையும் அழைத்துப்போகச் சொல்கிறாள் சாரு. அவர் தயங்குகிறார். பிறகு வா என்கிறார். அதற்குள் அவள் அவருடைய தயக்கத்தைப் படித்துவிட்டதால் வேண்டாம் என்றுவிடுகிறாள். படத்தில் பூபதி வாசலில் நிற்கிறார், சாரு கையை நீட்டுகிறாள், அவர் கையும் நீள்கிறது, தொடுமுன் காட்சி உறைந்துவிடுகிறது. டாகூரின் முடிவில் சாருவுக்கு ஒரு தன்மானம் இருக்கிறது, மறுப்பது அவள். படத்தில் மறுப்பு யாருடையது என்று தெரியாமலே போகிறது. இந்த இடத்தில் பாத்திரத்தின் கனம் சற்றுக் குறைந்தது என்றே நானும் கருதுகிறேன். எனினும் இருவருக்கும் இடையே மிஞ்சிய தூரம், கடக்க முடியாத சிறு தூரம், அப்படியே இருக்கிறது. முதல் காட்சியில் தொலைநோக்கி அளந்த அதே தூரம்தான் அது.

7

கடைசியாக இந்த வாதம் நின்றுவிடும் எல்லையையும் காட்டிவிட வேண்டும். பாத்திரத்தின் கையில் கொடுக்க முடியாத உள்ளுணர்வுகள் உண்டு. ‘பதேர் பாஞ்சாலி’யின் தொடர்ச்சியாக 1932-இல் வந்த ‘அபராஜிதோ’ நாவலில், தாய் இறந்த செய்தி எட்டியதும் அபுவுக்குள் முதலில் எழுவது ஒருவகை விடுதலை. கட்டு அறுந்த மகிழ்ச்சி ஒரு கணம் தலைகாட்டுகிறது, மறுகணமே அதை எண்ணி அவன் திகைக்கிறான். தாயைக் கொஞ்சமும் நேசிக்காதவனுக்கு இது நேராது. நேசித்து, அந்த நேசத்திலிருந்து ஓடவும் விரும்பியவனுக்கே நேரும். உலக இலக்கியத்தில் இதைவிட உண்மையாக எழுதப்பட்ட துக்கம் எனக்குத் தெரியாது.

ராய்க்கு இந்த இடத்தின் மதிப்பு தெரியாமலில்லை. அதே பெயருடைய படத்தில் அபு அழுகிறான். பிறகு, ஊரிலேயே தங்கிப் புரோகிதம் பார்க்கச் சொல்லும் பெரியவரை மறுத்து, சடங்குகளைக் கல்கத்தாவில் செய்துகொள்கிறேன், தேர்வு இருக்கிறது என்று மூட்டையை எடுத்துக்கொண்டு நடக்கிறான். விடுதலை உணர்வைச் செயலாக மாற்ற எடுத்த முயற்சி இது. என் கருத்துப்படி பாதிதான் வென்றது. மூட்டை தூக்கிய கையில் மனவுறுதி தெரிகிறது, நாவலில் உள்ள வெட்கம் தெரியவில்லை. மகிழ்ச்சியும் வெட்கமும் ஒரே மூச்சில் வந்ததுதான் அந்தப் பக்கத்தின் உயிர். படம் அவற்றில் ஒன்றையும் முகத்தில் காட்டத் துணியாமல், அபுவை நமக்கு இன்னும் எளிதாக நேசிக்கத்தக்கவனாக்கிவிட்டது. இந்த இடத்தில் நான் விபூதிபூஷணின் பக்கம் நிற்கிறேன். மூன்று படங்கள் வழியாக மட்டும் அபுவை அறிந்த மாணவ நண்பர்கள், அந்த நாவலைத் தேடியெடுத்து, சர்வஜயா இறக்கும் பகுதியையாவது வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.